குருவிக் கங்காணி

போயாவோடு சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் அப்புத்தளைப் பக்கம் ஒரு புது இனம் தென்படும். உடம்பு முழுக்க இலைப்பச்சை. கழுத்தில் தொலைநோக்கி, தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ், முழங்கால் வரை அட்டைக்குப் பயந்து மாட்டிய துணி உறை. கொழும்பிலிருந்து குருவி பார்க்க வரும் ஐயாமார். தோட்டத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் குருவிக் கங்காணி.

பிரட்டுக்களத்தில் கங்காணி நிற்கிற அதே விடியற்காலையில், அதே கடுகடுத்த முகத்தோடு, இவரும் கொப்பியைப் பிரித்துக்கொண்டு நிற்பார். கண்ணால் பார்த்த குருவிக்கு முழுப்பேர். சத்தம் மட்டும் கேட்டால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. நம் தோட்டக் கணக்கில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ஓயாமல் உழைக்கிற காக்கைக்கு ஒன்றுமில்லை.

போன தை மாதம் எனக்கு வாய்த்தவர் வெள்ளவத்தைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இரண்டு நாள், முப்பது குருவி என்று கணக்கோடு வந்தார். பையில் ஹென்றி 1955இல் எழுதிய இலங்கைப் பறவைகள் புத்தகம். அந்த ஹென்றியும் இந்நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்று வேனை விட்டு இறங்கும்போதே சொன்னார். தோட்டத்தில் பிறந்த என்னை அதற்கப்புறம்தான் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

முதல் நாள் லிப்டன் சீட். 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையைத் தாண்டி மேலே ஏறினோம். பனி விலகியதும் மலைகள் படிப்படியாக இறங்கி, வெகு தூரத்தில் உடவளவை நீர்த்தேக்கம் தகரத்தகடு போலப் பளபளத்தது. ஐயாவோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்த பற்றையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அங்க பாருங்க, குளம்.”

“தூரம் தம்பி. அதுல நிக்கிற கொக்கு இங்கேருந்து தெரியாது.”

மறுநாள் அடிசம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த கல்வீடு. இப்போது கத்தோலிக்கத் துறவிகள் இருக்கிறார்கள். மற்றவர்கள் படம் எடுத்து, ஜாம் போத்தல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஐயா பங்களாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்தாற்போலுள்ள தங்கமலைக் காட்டுக்குள் நுழைந்துவிட்டார். அவர் தேடியது நீல மேக்பை. நீல உடம்பு, செங்காவித் தலை, சிவந்த அலகு. இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது.

ஒன்றரை மணி நேரம் மூச்சுக் காட்டாமல் நின்றோம். உறை போட்ட காலை மதித்து ஒதுங்கிய அட்டை, மேலேயிருந்து இறங்கி அவர் பிடரியைப் பிடித்தது. கத்தினால் குருவி போய்விடும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அட்டை ஆறுதலாகக் குடித்து, பருத்து, தானே விழுந்தது. கொழுந்து மலையில் எங்கள் அம்மா இத்தனை பொறுமை காட்டி நான் பார்த்ததில்லை. அவர் கையில் சவர்க்காரக் கட்டி இருக்கும்.

கடைசியில் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. ஐயா லென்ஸைத் தூக்கவும், கீழே ரோட்டில் பாண் ஆட்டோ பேத்தோவன் இசையைப் போட்டுக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. காடு அடங்கிவிட்டது. பென்சிலை எடுத்தார். அரைப்பேர். கீழே இறங்கி, அந்த ஆட்டோவிலேயே மாலுபாண் வாங்கிச் சாப்பிட்டார், முறைத்துக்கொண்டே.

அந்தியில் லயத்துக்குக் கூட்டிவந்தேன். தேத்தண்ணி கொடுத்த பக்கத்துக் காம்பரா அக்கா கொப்பியை எட்டிப் பார்த்தார். ஐயாவும் உற்சாகமாகப் பக்கங்களைக் காட்டினார்: இது இங்கே மட்டும் உள்ளது, இது வந்து போவது. அந்த நேரம் பார்த்துத் தேயிலைக்கப்பால் இரட்டைச் சீட்டி ஒன்று கேட்டது. ஆறுமணிக்குருவி! ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு ஐந்து. எங்கள் கங்காணியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

“இந்தியாவிலேருந்து ஐப்பசி வாக்கில வரும், சித்திரையில திரும்பிப் போயிரும்,” என்றார் ஐயா.

“பாஸ்போட் கேக்க மாட்டாங்களா?”

“குருவிக்கு ஏதும்மா பாஸ்போட்?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “எங்க பாட்டனும் அங்கேருந்து வந்தவருதாங்கய்யா. நாங்க போகல. 48ல பிரஜாவுரிமையிலேருந்து பேரை வெட்டுனாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு 2003லதான் திருப்பிப் போட்டாங்க. ஒங்க கொப்பியில எங்கள எந்தப் பக்கம் எழுதுவீங்க?”

வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்த பழக்கம். ஐயா கண்ணாடியைச் சரிசெய்து, பக்கத்தைப் புரட்டி, தீர விசாரித்தவர் போலச் சொன்னார்:

“பிரீடிங் ரெசிடென்ட்.”

“அப்புடின்னா?”

“இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிற இனம்.”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அஞ்சு பொரிச்சாச்சுங்கய்யா. ரெண்டு ஒங்க பக்கந்தான் பறந்துருச்சு, வெள்ளவத்தையில புடவைக் கடையில நிக்கிதுங்க. கண்டா முழுப்பேராப் போட்டுருங்க.”