அடைக்கூடையில் ஆணி எதற்கு?

இந்த வாரம் முழுக்கத் தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்த கோழிக் கேள்விகள்.

அடை வைக்கும் கூடையில் இரும்பாணியும் அடுப்புக்கரியும் போடச் சொல்கிறார் மாமியார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடுமாம். உண்மையா? (பென்னாகரம் வாசகி)

உங்கள் மாமியாருக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது! கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினியும் இதையேதான் எழுதினார். இடி இடித்தால் அடைமுட்டை கெடும், வைக்கோலுக்கு அடியில் ஓர் இரும்பாணி வை, இல்லையென்றால் ஏரில் ஒட்டிய மண்ணை வை என்றார்.

என் கணிப்பில், பழி இடிமேல் விழுந்தாலும் குற்றவாளி வெயில்தான். நம் பக்கம் இடி அதிகம் விழுவது சித்திரை, வைகாசியில். அடை வைப்பதற்காகச் சேர்த்து வைக்கும் முட்டை அந்தச் சூட்டிலேயே பாதி கரு வளர்ந்து செத்துவிடுகிறது. ஆணி இருந்துவிட்டுப் போகட்டும். வாயகன்ற சட்டியில் ஈரமணல் பரப்பி, மேலே துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிழலில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும்.

கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை அடை வைத்தால் பொரிக்குமா? (பாலக்கோடு)

பொரிக்காது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் கோழிகளோடு சேவல் இல்லை.

திருவிழாவுக்கு இருந்த ஒரே சேவலையும் அடித்துவிட்டோம். இனி இடும் முட்டை வீண்தானா? (அரூர்)

உடனே இல்லை. பெட்டையின் கருக்குழாயில் விந்தணுக்கள் தங்கியிருக்க நுண்ணிய குழல்கள் உண்டு. அதனால் ஒரு வாரம், பத்து நாள் வரை கருவுள்ள முட்டை கிடைக்கும். அதற்குள் வேறு சேவல் பாருங்கள். பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும்.

நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்கிறார்களே? (நல்லம்பள்ளி)

வடிவத்துக்கும் பாலுக்கும் தொடர்பில்லை. பாதிக்குப் பாதி வரும். ஆணா பெண்ணா என்பதை மனிதரில் தந்தையின் அணு முடிவு செய்கிறது. கோழியில் தாயின் முட்டை. ஆனாலும் ரொம்ப நீளமானதையும் ரொம்ப உருண்டையானதையும் ஒதுக்குங்கள். அவை சரியாகப் பொரிப்பதில்லை.

இன்குபேட்டர் வாங்கலாமா? (காரிமங்கலம்)

எத்தனை குஞ்சு வேண்டும்? பத்துப் பன்னிரண்டு என்றால் ஒரு சிறுவிடைக் கோழி போதும். சூடு, ஈரம், புரட்டுதல் எல்லாம் அதற்குத் தெரியும், மின்கட்டணமும் இல்லை.

நூறு வேண்டும் என்றால் மெஷின் வாங்குங்கள். 37.5 டிகிரி செல்சியஸ் சூடு; 18 நாள் வரை 55 சதவீத அளவில் ஈரப்பதம்; தினமும் பல முறை புரட்டல். கடைசி மூன்று நாள் புரட்டாமல் ஈரப்பதத்தை 65க்கு மேல் ஏற்றுங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்பு ஓடினால் கரு இருக்கிறது. வெறிச்சென்று தெரிந்தால் எடுத்துவிடலாம். கரண்ட் போனால் பதறி மூடியைத் திறக்காதீர்கள், மேலே கம்பளி போர்த்துங்கள். அடைக்கோழியே தினமும் சற்று நேரம் எழுந்து இரைக்குப் போய் வருகிறதே! எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். தெர்மாமீட்டர் இல்லாத அந்தத் தொழிலாளர்கள் முட்டையைக் கண் இமையில் ஒற்றியே சூடு பார்த்தார்கள்.

21ஆம் நாள் ஓட்டில் ஓட்டை விழுந்தும் குஞ்சு வெளியே வரவில்லை. உடைத்து எடுக்கலாமா? (கடத்தூர்)

கையை எடுங்கள்! உள்ளே மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, ரத்தக் குழாய்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாள்கூட ஆகலாம். பிய்த்தால் ரத்தம் கொட்டும்.

பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. இரண்டு மாதத்தில் மூன்றுதான் மிச்சம். என்ன தவறு? (மொரப்பூர்)

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பொரித்த நாளில் எண்ணி மகிழ்கிறோம், எட்டாவது வாரம் எண்ண ஆளில்லை.

மெஷின் குஞ்சு என்றால் முதல் வாரம் குண்டு பல்பு வெளிச்சத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு தேவை. பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு மூழ்காது.

தாய்க்கோழி சூடு தரும். ஆனால் வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க அதனால் முடியாது. இதன் கிருமியை ஒருமுறை ஊருக்குள் விட்டால் தெருவே காலி. உத்தராகண்டின் ராணிக்கேத்தில் 1927இல் வந்த நோய் என்பதால் ராணிக்கேத் என்றும் பெயர். வந்தபின் மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசி உண்டு: ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி.

‘பன்னிரண்டு குஞ்சுக்கு ஒரு பாட்டிலா?’ என்று விட்டுவிடுவதுதான் தவறு. ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும், கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். எனவே தெருவில் பத்து வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள், ஐஸோடு எடுத்து வாருங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊருக்கு ஊர் இலவச முகாம் நடத்துகிறது, அன்று கோழிகளைக் கூடையில் அடைத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகம் இருக்கிறது, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

குஞ்சுக்கு ராகி மட்டும் போட்டால் போதாதா? நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. (பாப்பிரெட்டிப்பட்டி)

ராகியில் புரதம் 7 சதவீதம்தான், குஞ்சுக்கு 20 சதவீதம் வேண்டும். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் கரையானைத் தட்டிப் போடலாம். செலவில்லாத புரதம்.

ஒகேனக்கல் காட்டில் காட்டுக்கோழி முட்டை பார்த்தேன். எங்கள் கோழிக்கு அடை வைக்கலாமா? (ஏரியூர்)

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வளர்ப்புக் கோழிகளின் மஞ்சள் தோலுக்கான மரபணு அதனிடமிருந்து கலந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் கோழியின் கால் என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள்.