டைல்ஸ் முன்னால், தண்ணீர் பின்னால்!

கேள்வி: டைல்ஸே தண்ணீரைத் தடுக்காதா? குளியலறைச் சுவரில் அதன் பின்னால் வாட்டர்ப்ரூஃபிங் என்று தனிச் செலவு எதற்கு? (வாசகி, தாம்பரம்)

பதில்: டைல்ஸ் தடுக்கும். இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் உறிஞ்சும். ஒரு சுவரில் எத்தனை இடுக்கு என்று எண்ணிப் பாருங்கள், செலவுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: எபாக்சி கிரவுட் போட்டுவிட்டால்? (வாசகர், ஓசூர்)

பதில்: நல்லது, உறிஞ்சாது. ஆனால் சுவரும் சுவரும் சேரும் மூலை அசையும். அங்கே எந்த கிரவுட்டும் கூடாது, சிலிக்கான் சீலன்ட்தான்.

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீடு. மரச்சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்து, அதன்மேல் ஷவருக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறானாம்... (வாசகர், ஸ்ரீரங்கம்)

பதில்: இன்றே போன் போடுங்கள்! அந்த போர்டுக்கு இரு பக்கமும் காகிதம். ஈரம் புகுந்தால் உள்ளே மாவு, மேலே பூசணம். 'ஈரம் தாங்கும்' என்று பச்சைக் காகிதம் ஒட்டி விற்பதற்கும் இதே தீர்ப்பு. சிமெண்ட் போர்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிமெண்ட் போர்டு போட்டால் வாட்டர்ப்ரூஃபிங் செலவு மிச்சம்தானே? (வாசகர், சேலம்)

பதில்: நனைந்தால் கெடாது என்பது வேறு, தண்ணீரை விடாது என்பது வேறு. சிமெண்ட் போர்டு முதல் ரகம். அதன் வழியே ஈரம் நிதானமாக ஊறி, பின்னால் இருக்கும் மரச்சட்டத்தைத் தொடும். இணைப்புகளில் மெஷ் டேப் ஒட்டி, போர்டின் முகத்தில் திரவ மெம்பிரேன் இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். 'கூடுதல் பத்திரம்' என்று பின்னால் பாலித்தீன் தாளும் கட்டாதீர்கள். நடுவில் மாட்டிய ஈரம் வெளியேற வழி இருக்காது.

கேள்வி: எங்களுடையது செங்கல் சுவர். பூச்சிலேயே லிக்விட் கலந்தால் போதும் என்கிறார் கொத்தனார். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: போதாது. பூச்சு காய்கையில் மயிரிழை விரிசல் விட்டால், கலந்த லிக்விட் அதை அடைக்க வராது. பூச்சின்மேல் பாலிமர் சிமெண்ட் கோட்டிங் கேளுங்கள்: முதல் கை நெடுக்காக, காய்ந்தபின் அடுத்த கை குறுக்காக. சுவர் தரையைத் தொடும் மூலையிலும், பைப் வெளியே வரும் இடத்திலும் ஃபைபர் மெஷ் பதிக்க வேண்டும். பெரும்பாலான ஒழுக்குக்குப் பிறந்த ஊர் அங்கேதான்.

கேள்வி: எவ்வளவு உயரத்துக்கு? (வாசகர், கரூர்)

பதில்: ஷவர் தலைக்கு மேல்வரை. இடுப்போடு நிறுத்துங்கள் என்று தண்ணீரிடம் யார் சொல்வது?

கேள்வி: கொத்தனார் சரியாகச் செய்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், தேனி)

பதில்: கோட்டிங் நன்றாக இறுகியபின், டைல்ஸ் ஒட்டுமுன், தரைத் துவாரத்தை அடைத்துத் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையையும் ஒரு நடை பார்த்து வாருங்கள். சுவரில் இருப்பது உங்கள் கோடு, பையில் இருப்பது பாக்கிப் பணம். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கினால், பணமும் பையை விட்டு இறங்க வேண்டாம்.