பாலைவனத்துக்குப் போன டேப்பு

ஒரு பாடகனின் முதல் எல்பியை முடக்கிப்போட என்ன வேண்டும்? ஒரு விரோதி வேண்டும், இல்லை வம்பு வழக்கு வேண்டும், அதுவும் இல்லையென்றால் பாட்டாவது படுமோசமாக இருக்க வேண்டும். டெரி காலியருக்கு இதில் எதுவுமே அமையவில்லை. அவருடைய தட்டை முடக்கியவர் அதைத் தயாரித்த மனிதரேதான். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. டேப்பைத் தூக்கிக்கொண்டு மெக்சிகோ பாலைவனத்துக்குக் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான்.

காலியர் 1945ல் சிகாகோவில் பிறந்தவர். வளர்ந்தது காப்ரினி-கிரீன், ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு. அந்த வட்டாரத்தில் அப்போது கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவது ஒரு வருங்காலப் பாடகர் மண்டையில்தான் விழும். கர்ட்டிஸ் மேஃபீல்ட் இவருக்குச் சின்ன வயசுத் தோழர், ஜெர்ரி பட்லரும் அதே கூட்டம். 1962ல், 17 வயதில், செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி இவரை அழைத்து ஒரு சின்னத் தட்டு போட்டது. அடுத்து மடி வாட்டர்ஸ், எட்டா ஜேம்ஸ் போன்ற பெரிய கைகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாட வாய்ப்பு. பையன் பெட்டி கட்டினான். அம்மா பெட்டியை அவிழ்க்கச் சொன்னார். படிப்பு முடியாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது தீர்ப்பு. அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

காலேஜ் போன பையன் அங்கே கிட்டாரோடும் காப்பிக்கடைகளோடும் சேர்ந்துவிட்டான். இது நாட்டுப்பாடல் அலை வீசிய காலம். தாடி வைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் காப்பியை உறிஞ்சியபடி, தாங்கள் ஒருநாளும் ஏறாத சரக்கு ரயிலைப் பற்றி உருகிப் பாடுவார்கள். இவர்கள் நடுவே கறுப்பினக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன் அதே பாட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வித்தியாசம் என்னவென்றால், இவனுக்குக் குரல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிகாகோவில் மெக்கீஸ் என்ற கிளப்புக்கு ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் தன் குழுவோடு வந்தார். காலியர் சீக்கிரமே போய் இடம் பிடித்தார். கச்சேரிக்கு முன்பு டிரம்ஸ்காரர் எல்வின் ஜோன்ஸ் வந்தார். சுத்தியலும் ஆணியும் எடுத்தார். தன் பெரிய டிரம்மை மேடையோடு சேர்த்து அறைந்தார். பந்தல் போட வந்த ஆள் மாதிரி இவர் எதற்கு ஆணி அடிக்கிறார் என்று காலியருக்குப் புரியவில்லை. வாசிக்க ஆரம்பித்த பிறகு புரிந்தது. ஆணி இல்லாவிட்டால் டிரம் நேரே கல்லாப்பெட்டிக்கு நகர்ந்திருக்கும்.

இப்படி உயிரைக் கொடுத்து வாசிப்பவர்களும் இருக்கும் உலகத்தில் நான் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் என்ன என்று காலியர் ஆடிப்போனார். ஆட்டம் நின்றபோது ஒரு யோசனை பிறந்தது. கோல்ட்ரேன் சில பாட்டுகளுக்கு டபுள் பேஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வார். நாமும் வைத்துக்கொண்டால் என்ன?

நாட்டுப்பாடலுக்கு ஒரு பேஸே ஆடம்பரம். இரண்டு பேஸ் என்பது சைக்கிளுக்கு இரண்டு லாரி இன்ஜின் பூட்டுவது மாதிரி. ஆனால் கேட்டுப் பாருங்கள், ஓடுகிறது. 1960களின் நடுவில் பிரெஸ்டீஜ் கம்பெனிக்காகப் பதிவான எட்டுப் பாட்டுகள். ஒரு குரல், ஒரு கிட்டார், இரண்டு பேஸ். டிரம்ஸ் கிடையாது, பின்னணிக் குரல்கள் கிடையாது. ஒரு பேஸ் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொன்று பாட்டுக்குள் நடமாடிவிட்டு வருகிறது. ‘காட்டன் ஐட் ஜோ’ என்று ஒரு பழைய பாட்டு. ஊரெல்லாம் அதற்குக் குதித்துக் கும்மாளம் போடும். காலியர் அதை இழுத்து, நிறுத்தி, இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடுவது மாதிரி பாடுகிறார். கேட்ட பிறகு குதிக்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. இவ்வளவு சின்ன வயது ஆளுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அறுபது வயது துக்கத்தை யாரிடமோ கைமாற்று வாங்கி வந்தவர் மாதிரி இருக்கிறது.

தயாரிப்பாளர் சாமுவேல் சார்ட்டர்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. அமெரிக்கப் புளூஸ் இசையின் சரித்திரத்தை 1959லேயே புத்தகமாக எழுதியவர். எல்லாரும் மறந்துபோன கிழட்டுப் பாட்டுக்காரர்களைத் தேடி ஊர் ஊராக, தெருத் தெருவாக அலைந்தவர். காணாமல் போன இசையைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில், கீர்த்தி எல்லாம். அப்பேர்ப்பட்டவர், காலியர் பேட்டிகளில் சொன்ன கதைப்படி, பதிவு முடிந்த கையோடு டேப்பையும் எடுத்துக்கொண்டு மெக்சிகோவில் யாக்கி பழங்குடி மக்களோடு வாழப் போய்விட்டார். மற்றவர்கள் தொலைத்ததையெல்லாம் கண்டெடுத்தவர் கையில் இருந்ததைத் தொலைத்தார்.

இதில் உச்சக்கட்டம், அந்த எட்டுப் பாட்டில் ஒன்று இங்கிலாந்தின் பழைய பிள்ளைப்பாட்டு. சந்தைக்குப் போன ஜானி இன்னும் திரும்பி வரவில்லையே என்று ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் சங்கதி. காலியரும் சிகாகோவில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகத் தட்டு கடைக்கு வந்தது 1968ல். பெயர், ‘தி நியூ ஃபோக் சவுண்ட் ஆஃப் டெரி காலியர்’. அந்த ‘நியூ’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நாட்டுப்பாடல்காரர்களின் நாயகன் பாப் டிலன் மின்சாரக் கிட்டாரோடு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடை ஏறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாட்டுப்பாடல் அலை வடிந்து காப்பியும் ஆறிப்போயிருந்தது. இந்த இரட்டை பேஸுக்கு மூலகாரணமான கோல்ட்ரேன் 1967லேயே இறந்துவிட்டார். மூன்றாம் நாள் இட்லிக்கு ‘சுடச்சுட’ என்று போர்டு வைத்தது மாதிரி ‘புதிய இசை’ வந்து சேர்ந்தது. யார் வாங்குவார்கள்? வாங்கவில்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1970களில் காடெட் கம்பெனிக்கு மூன்று எல்பி, எலெக்ட்ராவுக்கு இரண்டு. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1983ல் மகளை வளர்க்கும் பொறுப்பு கைக்கு வந்தது. காலியர் கிட்டாரைக் கீழே வைத்தார், கம்ப்யூட்டர் புரோகிராமிங் படித்தார், சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சாயங்காலம் சமூகவியல் வகுப்பு வேறு. அம்மா சொன்னது கடைசியில் நடந்தது.

அங்கே லண்டனில், வேறொரு கூட்டம் பழைய தட்டுக் குவியல்களில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்காகக் காலியர் பாடியிருந்த ஒரு பாட்டு அங்கே நடன விடுதிகளில் பிரசித்தமாகிவிட்டது. ஆசிட் ஜாஸ் கம்பெனியின் எடி பில்லர் அவரைத் தேடிப் பிடித்து அந்தத் தட்டை மறுபடி போட்டார். கச்சேரிக்கும் அழைப்பு வந்தது. காலியர் என்ன செய்தார்? லீவு போட்டார். வருஷ விடுமுறையில் எல்லாரும் குளம், ஏரி என்று போக, இவர் லண்டன் போய்ப் பாடி, கைதட்டு வாங்கி, திங்கட்கிழமை வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். ஆபீஸில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

1998ல் ‘டைம்பீஸ்’ என்ற எல்பி வந்தது. உலக சமாதானத்துக்குப் பாட்டால் தொண்டு செய்ததற்காக ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. விருது வந்ததால் செய்தி வந்தது. செய்தி வந்ததால் ஆபீஸுக்குத் தெரிந்தது. ஆபீஸுக்குத் தெரிந்ததால் வேலை போனது. உலகத்துக்குச் சமாதானம், ஆளுக்குச் சீட்டுக் கிழிப்பு.

நல்லவேளை, அதன்பிறகு பாட நேரம் கிடைத்தது. 2006ல் மாசிவ் அட்டாக் என்ற இங்கிலாந்து இசைக்குழுவுக்காகப் பாடினார். 2012ல், 67 வயதில் இறந்தார். முதல் தட்டு 2018ல், ஐம்பது வருஷம் நிறைந்த சாக்கில், கூடுதல் பதிவுகளோடு மறுபடி வந்தது. காலியரை ‘மீட்டெடுத்தோம்’ என்று பலர் மார்தட்டினார்கள். அவர் எங்கும் புதையுண்டு கிடக்கவில்லை. சிகாகோவில் தினமும் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காணாமல் போனவர்கள் நாம்தான்.

கேட்க உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், இல்லையென்றால் மின்விசிறியை ஒன்றில் வையுங்கள். அது வேகமாக இரைந்தால் இரண்டாவது பேஸ் காதில் விழாது. ஒரு தடவை பாலைவனத்தில் தொலைத்தது போதும்.