வாடகை தராத குடித்தனம்

கேள்வி: மெத்தையை மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கப் போட்டும் மூட்டைப்பூச்சி ஒழியவில்லை. வீட்டையே மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாக! கட்டிலோடு அதுவும் லாரி ஏறும். மதுரை வெயில் மெத்தையின் மேல்துணியைத்தான் சுடும். பூச்சி அடிப்பக்கம் நகர்ந்து நிழலில் படுத்துக்கொள்ளும். சூடு 50 டிகிரியைத் தாண்டி உள்ளே இறங்கினால்தான் சாகும். விரிப்பு, தலையணை உறைகளைக் கொதிநீரில் ஊறப்போடுங்கள். கட்டிலைக் கழற்றி ஒவ்வொரு இடுக்கிலும் கொதிநீரை ஊற்றுங்கள். தப்பிய முட்டைகள் ஓரிரு வாரத்தில் பொரிக்கும். அப்போது இன்னொரு சுற்று. பட்டினி போட்டுக் கொல்லலாமென்று ஊருக்குப் போய்விடாதீர்கள், மாதக்கணக்கில் உண்ணாமல் காத்திருக்கும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், பூச்சிக்கு முன்னால் கட்டில் எரியும். அதுசரி, சமீபத்தில் பழைய சோபா ஏதும் மலிவாக வாங்கினீர்களா? விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.