வெனிஸ் நகரில் தம்பதியர் வழி தவறுதல்: ஒரு முன்னாய்வு

1. முன்னுரை

வெனிஸ் பற்றி எழுதியோர் யாவரும் அதன் அழகை எழுதினர். அங்கே முச்சந்தியில் திகைத்து நிற்கும் கணவன் மனைவியை எவரும் பொருட்படுத்தவில்லை. 'இத்துறையில் இதுவரை ஆய்வே நிகழவில்லை' என்று எழுதுவது ஆய்வாளர் கடமை; நிகழ்ந்ததா என்று தேடுவது கடமையன்று. ஆகவே, நிகழவில்லை.

2. களம்

நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள்; 400-க்கு மேற்பட்ட பாலங்கள். கார் கிடையாது. எனவே பழியை டிரைவர் மேல் போடவும் இயலாது.

3. வகைப்பாடு

வழி தவறுதல் மூவகைப்படும்: தனித்துத் தவறல், சேர்ந்து தவறல், சேர்ந்து தவறியதைத் தனித்தனியே மறுத்தல். முதலாவது இன்பம் பயக்கும். இரண்டாவது காலை வேளைக்கு மட்டும் உரியது. மூன்றாவதே ஈண்டு விரித்துரைக்கப்படும்.

4. அம்புக்குறிச் சிக்கல்

1591-இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்கோ சதுக்கத்துக்கும் வழிகாட்ட, சுவர்களில் மஞ்சள் பலகைகள் உண்டு. சிலவிடங்களில் ஒரே இலக்குக்கு இடமும் வலமுமாக இரண்டு அம்புகள் இருக்கும். இரண்டு வழியும் போய்ச் சேரும் என்பதே பிரச்சினையின் ஆணிவேர். இது குறித்த நூற்பா:

இருபுறம் அம்பு காட்டுங் காலை
ஒருபுறம் கொழுநன், மறுபுறம் மனைவி.

இந்நூற்பா எந்த ஏட்டிலும் இல்லை. சான்று அகப்படாதபோது சான்றை ஆக்கிக்கொள்ளும் நெடிய மரபையொட்டி நாமே யாத்தது.

இடப்பக்கமே சரி என்பது கணவர் கொள்கை (காண்க: கணவர், உரத்த குரல்). வலப்பக்கம் என்பது மனைவியார் கொள்கை (காண்க: மனைவி, வாய்மொழி, பாலத்தின் மேல்). நடுநிலை வகிக்க வேண்டிய கைப்பேசி வரைபடமோ, குறுகிய சந்துகளுக்குள் நீலப்புள்ளியைக் கால்வாயில் இறக்கிவிட்டது. எதிரே வந்த மூதாட்டியிடம் கேட்கலாம் என்னும் மூன்றாம் கொள்கையைக் கணவர் 'அறிவியல் முறைமை அன்று' என மறுத்தார் (மேற்படியார், மேற்படி குரல்). அரை மணி கழித்து அதே பாலம் வந்தது. இதனை 'வட்டப்பாதைச் சான்று' என்பர். மனைவியார் இதற்கு வேறு பெயர் இட்டார், அச்சிடற்கு உரியதன்று (காண்க: மனைவி, மௌனம், முழுவதும், சிறப்பாக அதன் பிற்பகுதி, ஓட்டல் வாசல் வரை).

5. முகவரியியல்

வீட்டு எண்கள் தெருவாரியாக வரா. நகரின் ஆறு வட்டாரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர்; சிலவற்றில் ஐயாயிரத்தையும் தாண்டும். ஆகவே ஓட்டல்காரரிடம் தெருப்பெயரையும் அருகிலுள்ள படகுத்துறையையும் கேட்டு எழுதிக்கொள்க. பெரும்பாலான பாலங்களில் படிக்கட்டு; பெட்டி சிறிதாக இருத்தல் இல்லறத்துக்கு நலம்.

6. பொருளியல்

பெருங்கால்வாய் முழுதும் காண 1-ஆம் எண் நீர்ப்பேருந்து போதும். கோண்டோலாவுக்கு நகராட்சி 2023-இல் உயர்த்திய பகல் கட்டணம் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. கால்வாயின் அக்கரைக்கு மட்டும் போக, 'திரகெட்டோ' என்னும் கூட்டுப்படகு உண்டு. சில யூரோவில் முடியும். காபியை நின்றபடி குடித்தால் மலிவு. 1720-இல் திறந்த புளோரியன் காபிக்கடையில் வாத்தியம் ஒலிக்கையில் அமர்ந்தால், காதுக்கும் தனியே கட்டணம்.

7. புறாவியல்

சான் மார்கோ சதுக்கத்தில் 2008 முதல் தீனி போடத் தடை.

8. முடிவுரை

வெனிஸ் தீவு நகரம். எவ்வளவு தவறினாலும் கடைசியில் தண்ணீர் வந்துவிடும்; கரையோரம் நடந்தால் ஏதேனும் ஒரு படகுத்துறை அகப்படும். அங்கே படகேறி, எதிரும் புதிருமாக அமராமல் இருவரும் ஒரே பக்கம் பார்த்து அமர்ந்தால் ஆய்வுச் சிக்கல் தீர்ந்தது. இவ்வளவு எளிய உண்மையைக் கண்டறிய முனைவர் பட்டம் தேவையில்லை. அதை நானூறு பக்கங்களுக்குள் ஒளித்துவைக்கத்தான் தேவை.