ஒருமனதாக ஏற்கப்பட்டது

ஞாயிறு இரண்டாம் பூசையின் கடைசிப் பாட்டு முடிவதற்குள் பாதிச் சனம் செருப்பைத் தேடத் தொடங்கியிருக்கும். அப்போது ஐம்பதைத் தாண்டிய ஏழெட்டு ஆண்கள் மட்டும் வாசலுக்குப் போகாமல் கோயிலின் பின்பக்கம் நடப்பார்கள். தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய கத்தோலிக்கப் பங்கு எதிலும் இதைப் பார்க்கலாம். பின்பக்கத்தில் ஓர் அறை. திருவிழா சீரியல் பல்புகள், காது உடைந்த குடில் ஆடுகள், எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப்போன குடை, நடுவில் ஒரு மேசை. புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கிளை கூடுவது இங்கேதான். சபைக்காரரை ஊரில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். வங்கியிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதுவதற்கு, மற்றது இரவல் கேட்பவர்களுக்கு, அது எழுதாது. கையில் ஒரு சாவிக்கொத்து. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்பது பங்குத்தந்தைக்கே தெரியாது. சாமியார்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார்கள். இவருக்கு மாற்றல் கிடையாது. புதிதாக வரும் ஒவ்வொரு ஃபாதருக்கும், ‘நம்ம கோயில்ல வழக்கமா இப்படித்தான் ஃபாதர்’ என்று பணிவோடு சொல்லிப் பழக்கிவிடுவது இவர் பொறுப்பு.

கூட்டம் என்றால் நிகழ்ச்சி நிரல் உண்டு. அதை மாற்ற எவருக்கும் துணிச்சல் கிடையாது. தொடக்க செபம், பிறகு ஆன்மிக வாசகம். வாசித்து முடித்ததும், ‘இதைப் பத்தி யாராவது கருத்துச் சொல்லலாம்’ என்பார் தலைவர். உடனே எல்லோரும் மேசை எந்த மரத்தில் செய்தது என்று ஆராயத் தொடங்குவார்கள். அடுத்தது மினிட்ஸ். போன வாரம் மாத அரிசியைப் பொன்னியாகக் கொடுப்பதா, இட்லி அரிசியும் சேர்ப்பதா என்று முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. இருவர் ராஜினாமா செய்வதாகச் சொன்னார்கள். ஒருவர் வெளியே போய் வெயில் தாங்காமல் திரும்பி வந்தார். நோட்டில் அது ‘நீண்ட கலந்துரையாடலுக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று இருக்கும். பிறகு சந்திப்பு அறிக்கை, அதாவது எந்த இருவர் எந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன பார்த்தார்கள் என்பது. கடைசியில் ரகசியப் பை. துணியில் தைத்த அந்தப் பைக்குள் ஒவ்வொருவரும் மூடிய கையை விட்டு, மூடிய கையாகவே எடுக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது கடவுளுக்கு மட்டும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நோட்டு ஓசையில்லாமல் விழும், சில்லறை காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே சில்லறை போடுகிறவருக்கு மிகச் சரியாக அந்த நொடியில் இருமல் வரும்.

இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பது சுலபம், சிரிக்கவும் வேண்டும். ஆனால் சிரித்த பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பழக்கங்களுக்காக இவர்களைக் கேலி செய்கிறோமோ, இவர்களுடைய சேவை வருடக்கணக்கில் நிற்காமல் நடப்பது அந்தப் பழக்கங்களால்தான். நல்ல மனசு ஊரில் எப்போதும் இருக்கிறது. வெள்ளம் வந்தால் தெருவுக்குத் தெரு பொட்டலம் பறக்கும்; பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆளையும் காணோம், பொட்டலத்தையும் காணோம். சபையின் பாதுகாவலரான வின்சென்ட் தே பவுல் இதை 1617இலேயே பார்த்துவிட்டார். பிரான்சில் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குக் குரு. ஒரு வீட்டில் குடும்பமே நோயில் விழுந்து கிடக்கிறது என்று செய்தி வருகிறது. ஞாயிறு பிரசங்கத்தில் அதைச் சொல்கிறார். மாலையில் பார்த்தால், ஊரே உணவுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஊர்வலம் போகிறது. வேறொரு பிரசங்கியாக இருந்தால் தன் பேச்சின் வலிமையை எண்ணிப் பூரித்திருப்பார். வின்சென்ட் கவலைப்பட்டார். இன்று வந்தது இவர்கள் தின்று தீராமல் கெட்டுப்போகும், நாளை மறுநாள் பட்டினி. அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்று கண்டுகொண்டு, சில நாட்களிலேயே யார் என்றைக்குச் சமைத்துக்கொண்டு போவது என்று முறை வைத்து ஒரு சபை அமைத்தார். இன்றைக்குப் பின்னறையில் ‘இந்த வாரம் யார் முறை?’ என்று கேட்கும் குரலுக்கு வயது நானூறுக்கு மேல்.

இப்போதுள்ள சபையை அமைத்தது வின்சென்ட் அல்ல. அவர் இறந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு பாரிசில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும். அவர்கள் ஒரு விவாத மன்றம் நடத்திவந்தார்கள். கிறிஸ்தவத்தின் பெருமைகளைப் பற்றி அங்கே ஓசானாம் பேசப் பேச, எதிரணியிலிருந்து ஒரு கேள்வி வந்தது: பழம்பெருமை இருக்கட்டும், இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முந்தைய வருடம்தான் காலரா பாரிசில் ஏராளமான ஏழைகளைக் கொண்டுபோயிருந்தது. கேள்வி சுட்டது. 1833 ஏப்ரல் 23, ஓசானாமின் இருபதாவது பிறந்தநாள், இம்மானுவேல் பெய்லி என்ற பத்திரிகையாளரின் அலுவலகத்தில் முதல் கூட்டம். ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது, போனால் என்ன பேசுவது என்று இந்தப் படித்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சேரிகளில் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருந்த ரோசலி ராந்து என்ற அருள்சகோதரியிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். அவர்களைவிட இரக்கம் மிகுந்தவர்கள் அந்த நகரத்தில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். அந்த ஆயிரம் பேரின் இரக்கம் அவர்களோடு போய்விட்டது. இந்தச் சில மாணவர்களின் வாரக் கூட்டம் ஏறக்குறைய 150 நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. விவாத மன்றத்தின் பெயர்கூட விட்டுப்போகவில்லை. கிளைக்கு இன்றும் கான்பரன்ஸ் என்றுதான் பெயர். விவாதிக்கும் குணமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது என்பதற்கு அரிசிச் சண்டையே சாட்சி.

முதல் ஆட்சேபம் பங்கிலிருந்தே வரும். ‘இவங்கள்லாம் டீக்கும் வடைக்கும் வர்றவங்க. வீட்ல பொழுது போகல. மைக் பிடிக்கணும், பேட்ஜ் குத்தணும், திருவிழா நோட்டீஸ்ல பேர் வரணும்.’ இதை மறுக்கப் போவதில்லை, பெரும்பாலும் உண்மை. பேட்ஜ் விஷயத்தில் முழு உண்மை. முன்னாள் தலைவர் என்பது ஒரு பதவி இல்லை என்று விதி சொல்லும்; அதை முன்னாள் தலைவர் எவரும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் வடைக்காக வருகிறவர் வந்துவிடுகிறார் என்பதுதான் முக்கியம். வந்தவர் சும்மா உட்கார முடியாது. சந்திப்பு அறிக்கையில் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்வதற்காகவாவது வாரத்தில் ஒருநாள் ஒரு கைம்பெண்ணின் வீட்டுப் படியேறுகிறார். போகாமலே போனதாகச் சொல்லலாமே என்றால், கூடப் போக வேண்டிய இன்னொருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்; இருவர் இருவராகப் போக வேண்டும் என்ற விதியின் சூட்சுமம் இதுதான். நோக்கம் தூய்மையானதா என்று கேட்டால், ஓசானாமின் முதல் நோக்கமே இளைஞர்கள் தோழமையால் ஒருவரையொருவர் விசுவாசத்தில் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது. ஏழைகளுக்குச் செய்யும் பணி அந்தத் தோழமையை உறுதிப்படுத்தும் வழி. நட்புக்காக வந்தவர்கள் சேவையில் மாட்டிக்கொள்வது சபையில் நடந்துவிட்ட கோளாறு அல்ல. சபையே அப்படித்தான் திட்டமிடப்பட்டது.

இரண்டாவது ஆட்சேபம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுடையது. ‘அப்பா, இத்தனை பேர் வெயில்ல அலையிறதுக்குப் பதிலா மாசா மாசம் அவங்க அக்கவுன்ட்ல பணம் போட்டா முடிஞ்சுதே.’ கணக்கின்படி மகன் சொல்வது சரி. மீட்டிங் டீச்செலவும் மிச்சம். ஆனால் போனில் அனுப்பும் பணத்துக்குக் கண் இல்லை. மருந்து அட்டையில் மாத்திரை பாதிக்கு மேல் அப்படியே இருப்பதையும், பையன் பள்ளி நேரத்தில் வீட்டில் இருப்பதையும், காஸ் அடுப்பு மூலையில் கிடக்க விறகு எரிவதையும் அது பார்க்காது. நம்மவர் பார்ப்பார், பார்த்தது மட்டுமல்ல, கேட்கவும் செய்வார், சில சமயம் கேட்கக் கூடாததையும் கேட்பார். இன்னொன்று, சாவு. நடுராத்திரியில் ஓர் ஏழை வீட்டில் உயிர் பிரிந்தால் துக்க மணி அடிக்க வேண்டும், பெட்டி வர வேண்டும், குழி வெட்ட ஆள் சொல்ல வேண்டும், பூசை நேரத்தை ஃபாதரிடம் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அக்கவுன்டைக் கூப்பிட முடியாது. சாவிக்கொத்து வைத்திருப்பவரைக் கூப்பிடலாம். அவரும் சலித்துக்கொண்டே எழுந்து வருவார். சலிப்பை மினிட்ஸில் எழுத மாட்டார்கள், வந்ததை எழுதுவார்கள்.

மூன்றாவது ஆட்சேபத்தை எழுப்புபவர் சபைக்காரரின் மனைவி. அவருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையோடு அதைக் கேட்க வேண்டும். ‘வீட்ல பல்பு போய் ஒரு மாசம் ஆச்சு. கோயில் கோபுரத்துக்கு ஏறி சீரியல் செட் மாட்டுறார்.’ அதோடு தவக்காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது என்று ஆண்கள் தீர்மானம் போட்டால், அதைக் காய்ச்சுவது எந்தப் பாலினம் என்று தீர்மானத்தில் இருக்காது. அண்டாவைத் தூக்கி வைப்பவர் ஆண், அண்டாவில் என்ன வேக வேண்டும் என்று தெரிந்தவர் பெண், போட்டோவில் நிற்பவர் மறுபடியும் ஆண். இதற்குச் சபையின் வரலாற்றில் சமாதானம் தேடினால் எதிராகத்தான் சாட்சி கிடைக்கும். 1617இல் வின்சென்ட் அமைத்த முதல் சபை முழுக்கப் பெண்களுடையது. ஓசானாமின் கூட்டத்துக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததும் ஒரு பெண்தான். அப்படியிருந்தும் ஓசானாமின் சபை நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே என்று இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கதவு முழுதாகத் திறந்தது. ஆண்கள் சபைக்கு ஒரே ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தமிழ் ஆணுக்கு வீட்டில் பேச ஆள் இல்லை, வெளியில் பேச விஷயம் இல்லை. அவரை நாற்காலியிலிருந்து கிளப்பி, இன்னொருவருடைய கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கவைக்க வேறு எந்த ஏற்பாடும் இதுவரை வெற்றி பெறவில்லை. அதனால் சபை அவருக்கும் ஒரு வகையில் நிவாரணப் பணி. அதற்கான பலனை வீட்டுக்காரியும் சிறிது அனுபவிக்கிறார்: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர அமைதி.

கடைசி ஆட்சேபம் கனமானது. அதில் கேலிக்கு இடமில்லை. மாதம் ஐந்து கிலோ அரிசி வறுமையைத் தீர்க்குமா, கூலி ஏன் குறைவு என்று கேட்காமல் அரிசி கொடுப்பது ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் வேலை இல்லையா? ஓசானாமுக்கு இது தெரியாமல் இல்லை. லியோனில் சட்டம் கற்பித்தபோதே நியாயமான கூலியைப் பற்றிப் பேசியவர் அவர். 1848 புரட்சியின்போது நண்பர்களோடு ஒரு பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளர் பக்கம் நின்று எழுதினார். அதற்காகச் சொந்தக் கத்தோலிக்கர்களிடமே திட்டு வாங்கினார். ஆகவே அரிசியோடு நின்றுவிடும் கிளை தன் நிறுவனரைப் பாதியில் விட்டுவிட்ட கிளைதான். நம் ஊரில் இன்னொரு சோதனையும் உண்டு. உதவி பெறுகிறவருடைய மதத்தைப் பார்க்கக் கூடாது என்பது சபையின் விதி. நம்மவர் அதை மீறுவதில்லை, இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் அரிசி போகிறது. ஆனால் கல்லறையில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய ஊர்கள் தமிழ்க் கத்தோலிக்கத்தில் இருந்திருக்கின்றன. அந்த மண்ணில் மதத்தைத் தாண்டுவது எளிது, தெருவைத் தாண்டுவது கடினம். பட்டியலில் எத்தனை குடும்பம் என்பதை வைத்து ஒரு கிளையை அளக்க முடியாது. அவற்றில் எத்தனை வீட்டில் சபைக்காரர் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்று பார்க்க வேண்டும். நின்றபடி கொடுத்துவிட்டு வருவது விநியோகம். அதற்கு ரேஷன் கடை இருக்கிறது. இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம். கூலியைப் பற்றியும் தெருவைப் பற்றியும் என்றாவது கேள்வி கேட்கப்போகிறவர், அந்த வீட்டுக்குள் ஒருமுறையாவது போயிருக்க வேண்டும். உள்ளே போக ஒரு சாக்கு வேண்டும். அரிசிப் பை நல்ல சாக்கு.

இருபது வயதுப் பையன்கள் தொடங்கிய சபையில் இன்று ‘இளைஞர் அணி’ என்றால் அறுபதுக்குக் கீழே என்று பொருள். வாலிபர்களைக் கேட்டால் மனம் இருக்கிறது, நேரம் இல்லை என்பார்கள். அவசரம் என்றால் ரத்தம் கொடுக்கக் கூப்பிடுங்கள், உடனே வருகிறோம் என்பார்கள். சொன்னபடி வரவும் செய்வார்கள். குறை அவர்கள் மனதில் இல்லை. அவர்கள் அன்பு ஷாத்தியோன் ஊர்க்காரர்களின் அன்பு, ஒரே மாலையில் மொத்தப் பாத்திரமும் வந்துவிடும். அந்த வீட்டுக்கு அடுத்த புதன்கிழமையும் பசிக்கும் என்பதை நினைவில் வைத்திருக்கத் தேவை நோட்டு, முறை, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒரு கிழவர், சலித்துப்போகாமல் இருக்க ஒரு வடை. இதையெல்லாம் வாதமாக எடுத்துச்சொல்ல நம் சபைக்காரருக்குத் தெரியாது. ஆன்மிக வாசகத்துக்கே கருத்துச் சொல்லாதவர். ‘சபையில சேந்தாத்தான் சேவையா அங்கிள்? நல்ல மனசு இருந்தாப் போதாதா?’ என்று யாராவது ஒரு பையன் கேட்டால், எழுதாத பேனாவை அவன் கையில் கொடுத்துவிட்டு இப்படித்தான் சொல்வார்: ‘நல்ல மனசு இருக்கட்டும் தம்பி. ஞாயித்துக்கிழமை எட்டரைக்கு வந்துரு.’