மெதுவடைத் துளையின் விட்டம்: ஒரு விவரணைப் புள்ளியியல் ஆய்வு

மெதுவடையின் நடுவில் ஓட்டை இருக்கிறது. இந்தக் கூற்றைத் தரவுகள் கொண்டு நிறுவ இதுவரை யாரும் முன்வரவில்லை. பார்த்தாலே தெரிகிறதே என்கிறார்கள். பார்த்துத் தெரிந்துகொள்வதற்குப் பட்டம் தருவதில்லை. அளக்க வேண்டும், அட்டவணை போட வேண்டும், அட்டவணையில் இருப்பதை அதன் கீழேயே “மேற்கண்ட அட்டவணையிலிருந்து தெரியவருவது யாதெனில்” என்று தொடங்கி மறுபடி எழுத வேண்டும், அதையே வட்ட வரைபடமாகப் போட்டு மூன்றாம் முறையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது ஆய்வு.

முன்னாய்வுகள்

இல்லை. எனவே இது முன்னோடி ஆய்வு.

கருதுகோள்

ஓட்டை உண்டு. இன்மைக் கருதுகோள்: ஓட்டை இல்லை. ஓட்டை என்பதே ஒன்றும் இல்லாத இடம் ஆதலால் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாகிவிடும் இக்கட்டு உண்டு. அது தத்துவத் துறைக்குத் தள்ளிவிடப்பட்டது.

மாதிரியும் அளவீடும்

தெருமுனைக் கடையில் காலை ஏழரை மணிக்குத் தட்டில் இருந்த எட்டு வடைகளும் மாதிரியாகக் கொள்ளப்பட்டன. கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளும் இந்த முறைக்கு வசதி மாதிரியெடுப்பு என்று பாடப்புத்தகத்திலேயே பெயர் இருக்கிறது. ஆய்வேடுகளில் “பதிலளித்தோர்” என்று வருகிறவர்கள் பல வேளைகளில் ஆய்வாளரின் விடுதி நண்பர்கள்தான். எட்டு வடைகளில் ஒன்றுகூட எனக்கு முன்பின் அறிமுகமில்லை என்பதை இவ்வாய்வின் தனிச்சிறப்பாகக் குறிக்க விரும்புகிறேன்.

அளக்க வெர்னியர் காலிப்பர் பயன்பட்டது. எண்ணெயில் வழுக்கியது. ஓட்டை வட்டமாகவும் இல்லை. குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, முழு மில்லிமீட்டருக்குத் திருத்தி எழுதியதில் ஆறு வடைகளுக்குக் கிடைத்தவை: 14, 15, 15, 16, 17, 18. ஏழாவது வடையில் ஓட்டை எண்ணெயிலேயே மூடிக்கொண்டிருந்தது. எட்டாவது வடையை, காலிப்பரைத் துடைத்துக்கொண்டிருந்த இடைவெளியில், ஆய்வு உதவியாளனான என் அக்கா மகன் தின்றுவிட்டான்.

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

இல்லாத ஓட்டையும் தெரியாத ஓட்டையும்

ஏழாவது வடைக்கும் எட்டாவது வடைக்கும் அட்டவணையில் என்ன எழுதுவது? மூடிக்கொண்ட ஓட்டையின் விட்டம் சுழியமா, அல்லது அது ஓட்டைக் கணக்கிலேயே வராதா? இதில் இரு பள்ளிகள் உண்டு. மூடினது ஓட்டை இல்லை, அதைப் போண்டா விலைக்கு விற்க வேண்டியதுதான் என்பது முதல் பள்ளி (கடை மாஸ்டர், நேர்ப்பேச்சு). ஓட்டை போடப்பட்டது உண்மை, ஆட்டும்போது தண்ணீர் கூடிவிட்டதால் மாவு இளகி மூடிக்கொண்டது, ஆகவே அது இருந்து மறைந்த ஓட்டை என்பது இரண்டாம் பள்ளி (எதிர்வீட்டுப் பெரியம்மா, சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்து வாய்மொழியாக, தம் வீட்டு வடையில் இப்படி நேர்ந்ததே இல்லை என்ற பின்னிணைப்புடன்). இரண்டாம் பள்ளியை ஏற்று ஏழாவது வடைக்கு 0 இட்டேன்.

எட்டாவது வடை அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஓட்டை இருந்ததா, இருந்தால் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. கிடைத்துள்ள சான்றுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை (ஆய்வு உதவியாளன், முதல் வாக்குமூலம்: “பெருசா இருந்துச்சு”, இரண்டாம் வாக்குமூலம், திருத்திய பதிப்பு: “நான் பாக்கலை மாமா”, மூன்றாம் வாக்குமூலம், அவன் அம்மா அருகில் நிற்கப் பதிவானது, இதில் வடையே மறுக்கப்படுகிறது, மூன்றுக்கும் சட்னிக் கறை படிந்த மூலப்படி ஒன்று உண்டு, அது சட்டைப்பையில் இருக்கிறது). இல்லாதது வேறு, தெரியாதது வேறு. முதலாவதற்கு எண் உண்டு. இரண்டாவதற்கு எண்ணே கிடையாது.

மென்பொருள்கள் இந்த வேறுபாட்டை எப்படிக் கையாள்கின்றன என்று பார்க்கலாம். எக்செலில் எட்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரிச் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். 95-ஐ ஏழால் வகுத்து 13.57 மி.மீ. என்று சொல்லும். காலிக் கட்டம் அழகாக இல்லையே என்று யாராவது அங்கே 0 போட்டுவிட்டால் எட்டால் வகுத்து 11.88 என்னும். இரண்டு பதிலும் ஒரே எழுத்துருவில், ஒரே நம்பிக்கையோடு வரும்.

ஆர் மொழி இப்படி இல்லை. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய மொழி அது, அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-இல். தெரியாத வடை ஒன்று இருந்தாலும் சராசரி என்ன என்ற கேள்விக்கு அது தரும் விடை “என்.ஏ.” மட்டுமே. எனக்குத் தெரியாது என்று பொருள். கல்விப்புலத்தில் இந்த விடையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. தெரியாததை நீக்கிவிட்டுக் கணக்கிடு என்று நாமாகச் சொல்லி, அந்தப் பொறுப்பை நம் தலையில் ஏற்றிக்கொண்டால்தான் 13.57 என்று வாய் திறக்கும்.

மூன்றாவது எஸ்.பி.எஸ்.எஸ். 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் சமூக அறிவியலாருக்காகப் பிறந்து, 2009-இல் ஐ.பி.எம். கைக்கு மாறியது. நம் ஆய்வாளர்கள் பலருக்கு இதில் சொத்து சுகம் எல்லாம் அடக்கம். தெரியாத விடைகளுக்கு 99, 999 என்று குறியெண் இடுவது இங்கே நெடுநாள் வழக்கம். இட்டால் மட்டும் போதாது. மாறிகளின் பட்டியலில் “மிஸ்ஸிங்” என்ற நெடுவரிசைக்குப் போய், 999 என்பது அளவு அல்ல, ஆள் இல்லாத நாற்காலி என்று அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காமல் பொத்தானை அழுத்தினால் நம் எட்டு வடைகளின் சராசரி ஓட்டை 136.75 மி.மீ. வடையின் வெளிவிட்டமே 70 மி.மீ.தான். அதாவது வடையைவிட அதன் ஓட்டை ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. மென்பொருளுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. இரண்டு தசம இடம் வரை திருத்தமாகவே தருகிறது. வழிகாட்டிப் பேராசிரியரும் கையொப்பம் இடுவார், பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் விடப்பட்டிருந்தால்.

மையப் போக்கு அளவைகள்

இடைநிலை 15. அந்த 999-ஐ உள்ளே விட்டாலும் 15.5 ஆகிறதே தவிர அசைந்து கொடுக்கவில்லை. வரிசையில் நடுவே நிற்பவரைத்தான் அது பார்க்கிறது, கடைசியில் நிற்பவர் எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. முகடும் 15. ஆர் மொழியின் அடிப்படைத் தொகுப்பில் முகடு காணச் செயற்கூறு கிடையாது. எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிதறல் அளவைகள்

திட்ட விலக்கம் 6.13. ஏழு வடைகளைப் பெருங்கூட்டத்தின் மாதிரியாகக் கொண்டால் இப்படி. உலகில் இந்த ஏழு வடைகளே உள்ளன என்று கொண்டால் 5.68. எக்செலில் இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரம் இருக்கிறது. பலர் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதைத் தேர்கிறார்கள்.

முதல் கால்மானத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஆர் 14.5 என்கிறது, எஸ்.பி.எஸ்.எஸ். 14 என்கிறது. எக்செல் எந்தப் பக்கமும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டு சூத்திரம் வைத்து இரண்டையும் சொல்கிறது. ஹைண்ட்மன், ஃபேன் என்ற இருவர் 1996-இல் மென்பொருள்களில் புழங்கும் கணக்கிடும் வழிகளை ஒன்பதாக வகைப்படுத்தினார்கள். ஆர் மொழியில் ஒன்பதும் கிடைக்கும். ஏழு வடையை நான்காகப் பங்கிட ஒன்பது வழி. குடும்பச் சொத்து வழக்குகள் ஏன் முடிவதில்லை என்பதற்கான விளக்கத்தை இங்கிருந்தும் தொடங்கலாம்.

எண்ணிக்கை அட்டவணை பற்றி ஒரு சொல். எஸ்.பி.எஸ்.எஸ். அதில் சதவீதம், தகுசதவீதம், திரள் சதவீதம் என மூன்று நெடுவரிசை தரும். மூன்றையும் அப்படியே ஒட்டுவது மரபு. ஆண் 60, பெண் 40 என்ற அட்டவணையிலும் திரள் சதவீதம் 60, 100 என்று ஏறிப்போகும். பெண்களை எட்டும்போது நூறு நிறைவது எதைக் காட்டுகிறது என்று எந்த வாய்மொழித் தேர்விலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விரிதாளின் குறும்புகள்

சின்ன வடைகளைத் தனி வகுப்பாக்கி 10-12 என்று எக்செலில் தட்டினால் அது 10-டிசம்பர் ஆகிவிடும். வடைக்கு நேர்ந்தால் சிரித்துக்கொள்ளலாம். மரபணுக்களுக்கும் இதுதான் நேர்ந்தது. “மார்ச்1”, “செப்ட்1” என்று பெயர் கொண்டவை ஆய்விதழ்களின் இணைப்புக் கோப்புகளில் தேதிகளாகி உட்கார்ந்திருந்தன. எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் பெயரிடும் குழு தன் விதிகளைத் திருத்தியது. மரபணுக்களின் பெயர்கள் மாறின. விரிதாளைத் திருத்துவதைவிட மனித இனத்தைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கிறது.

பொருளியலாரும் சளைத்தவர்கள் அல்லர். கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்றது அது. சிக்கனமே சிறந்தது என்று பேசிய அரசியலார் அதைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்த எக்செல் கோப்பை வாங்கித் திறந்தார். சராசரிச் சூத்திரம் சில வரிசைகளுக்கு முன்பே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே. இதையும், எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை தருவது என்ற மற்ற தேர்வுகளையும் திருத்திப் பார்த்தபோது ஹெர்ண்டன் குழுவுக்குக் கிடைத்தது 2.2. விரிதாள் பிழையை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். முடிவு அப்படியே நிற்கிறது என்றும் சொன்னார்கள். என் உதவியாளன் ஒரே ஒரு வடையைத்தான் விட்டுப்போகச் செய்தான், அவனும் இதே தொனியில்தான் பேசினான்.

வரைபடம்

எக்செலில் டோனட் என்றொரு வரைபடம் உண்டு. அதன் நடு ஓட்டையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தனியாக ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையின் அளவுக்குத் தரவோடு எந்த உறவும் கிடையாது. இந்த ஆய்வில் கையாண்ட எல்லாக் கருவிகளிலும் ஓட்டையைக் கருத்தில் கொண்ட ஒரே இடம் அதுதான் என்பதால் முழுப் பக்கத்தில், முப்பரிமாண நிழலோடு சேர்க்கப்பட்டுள்ளது.

பரிந்துரைகள்

அரசு இதில் கவனம் செலுத்த வேண்டும். விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும். (எந்தத் தலைப்பில் எழுதினாலும் இவ்விரு வாக்கியங்களும் பொருந்தும், மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.) மேலாய்வுக்கு உரியவை: தயிர்வடை ஊறும்போது ஓட்டை விரிகிறதா சுருங்குகிறதா, சாம்பார்வடையில் அதே கேள்வி, மசால்வடைக்கு ஓட்டைக் கட்டத்தில் 0 இடுவதா, என்.ஏ. இடுவதா, அல்லது அந்த நெடுவரிசையே அதற்குப் பொருந்தாது என்று விடுவதா. நிதி கேட்டு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. கருவிகள் என்ற தலைப்பில் காலிப்பர் ஒன்று, களச்செலவு என்ற தலைப்பில் வடை, இதர செலவினங்களில் கெட்டிச் சட்னி. ஆய்வு உதவியாளருக்கான மதிப்பூதியம் என்ற கட்டம் காலியாக விடப்பட்டுள்ளது. அது 0 அல்ல என்று அவன் அடிக்குறிப்பு எழுதச் சொல்கிறான்.